வகுப்புக்கு முன் ஊர்: ஆசிரியர்களின் கொள்கைப் பிரகடனம்

நீலகிரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், கேரள எல்லையை ஒட்டி இருக்கிறது பந்தலூர் வட்டம். அங்குள்ள ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியின் வருகைப் பதிவேட்டில் இருபது, இருபத்தைந்து பெயர்கள்தான் இருக்கும். பள்ளி விட்டதும் அந்தப் பிள்ளைகள் பிரிந்து போகிற வழிகளோ ஐந்தாறு. சிலர் பணியர் பழங்குடியினரின் பாடிக்குப் போவார்கள். சிலர் காட்டோரத்துக் காட்டுநாயக்கர் குடியிருப்புக்கு. சிலர் டேன்டீ எனும் அரசுத் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு. 1964இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கை மலையகத்திலிருந்து கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். இன்னும் சிலர் வீட்டில் மலையாளம், சிலர் வீட்டில் செட்டிமார் பேச்சு. தனியார் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்க ஜார்க்கண்டிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை ஒன்றும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும்.

இந்த வகுப்புக்கு ஆசிரியர் ஒருவர், மிஞ்சிப்போனால் இருவர். கலந்தாய்வில் சமவெளி மாவட்டம் ஒன்றிலிருந்து வந்து சேர்ந்திருப்பார். இரண்டு ஆண்டு பட்டயப் படிப்பை முடித்தவர், ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறியவர், நல்ல மனம் உள்ளவர். ஆனால் பணியர் என்றொரு சமூகம் இருப்பதையே பணி நியமன ஆணையைக் கையில் வாங்கிய பிறகுதான் கேள்விப்பட்டிருப்பார். அந்த ஆசிரியர்கள்தான் நாங்கள். எங்களோடு உண்டு உறைவிடப் பள்ளி விடுதிக் காப்பாளர்களும், வட்டார வள மையத்து ஆசிரியப் பயிற்றுநர்களும், மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனமான டயட்டில் விரிவுரையாளர்களாக இருந்து ஓய்வுபெற்ற சிலரும், பள்ளி மேலாண்மைக் குழுவில் கையெழுத்துப் போடுவதோடு நின்றுவிட விரும்பாத பெற்றோரும் சேர்ந்திருக்கிறார்கள். எல்லோரும் சேர்ந்து ஓர் இயக்கத்தைத் தொடங்குகிறோம். பெயர் வைப்பதில் ஒருமித்த கருத்து வரவில்லை. மூன்று பெயர்கள் மேசையில் இருக்கின்றன. மூன்றுக்கும் சண்டை நடக்கிறது. வேலை தொடங்கட்டும், பெயர் பிறகு.

எங்கள் கொள்கை இது. பலவகை மக்கள் வாழும் ஊரில் கற்பிக்கப் போகிறவர் முதலில் அந்த ஊரிடம் படிக்க வேண்டும். அந்தப் படிப்புக்கு ஆசிரியர் பயிற்சியில் நேரம் ஒதுக்க வேண்டும், மதிப்பெண் தர வேண்டும், சொல்லிக் கொடுக்கும் ஊர்க்காரருக்குச் சம்பளம் தர வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் சடங்காகிவிடும்.

இப்போது நடப்பது என்ன என்று பார்ப்போம். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகள் பி.எட் படிப்பை இரண்டு ஆண்டாக்கின. இருபது வாரக் களப்பணியைக் கட்டாயமாக்கின. சமகால இந்தியாவும் கல்வியும், பாலினமும் பள்ளியும் சமூகமும், எல்லோரையும் உள்ளடக்கிய பள்ளி என்றெல்லாம் தாள்கள் வந்தன. காகிதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தத் தாள்களில் 'பன்முகத்தன்மை' ஐந்து மதிப்பெண் வினாவாகத்தான் வருகிறது. அதன் வகைகளை எழுது, அதற்கு ஆசிரியர் ஆற்ற வேண்டிய பணிகளை எழுது. மாணவ ஆசிரியர் எட்டுப் புள்ளிகள் எழுதுவார்; ஐந்தில் நான்கரை கிடைக்கும். களப்பணிக்குப் பெரும்பாலும் கல்லூரிக்குப் பக்கத்திலுள்ள பள்ளி, பஸ் வசதி உள்ள பள்ளி, ரெக்கார்டு நோட்டில் சுணங்காமல் கையெழுத்துப் போடும் தலைமையாசிரியர் உள்ள பள்ளி. ரெக்கார்டு நோட்டுகளின் அட்டைக்கு நிறம் வரை விதி உண்டு. எந்தப் பிள்ளையின் வீட்டுக்காவது போய் வந்தாயா என்று கேட்க விதி இல்லை.

தகுதித் தேர்வும் அப்படித்தான். முதல் தாளில் 150 வினாக்கள். அதில் 30 குழந்தை மேம்பாடும் கற்பித்தலும். பியாஜே எத்தனை நிலை சொன்னார், வைகாட்ஸ்கி எதை வலியுறுத்தினார் என்பதற்கு நான்கு விடைகளில் ஒன்றைக் கறுப்பாக்கினால் போதும். சுற்றியிருக்கும் மனிதர்களிடமிருந்தும் அவர்கள் மொழியிலிருந்தும்தான் குழந்தை கற்கிறது என்று வைகாட்ஸ்கி சொன்னதை மனப்பாடம் செய்த ஆசிரியர், சுற்றியிருக்கும் மனிதர்களின் மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாமல் வகுப்புக்குள் நுழைகிறார். இதில் அந்த ஆசிரியரின் குற்றம் எதுவுமில்லை.

இதன் விலையைக் கொடுப்பது பிள்ளை. ஒரே ஒரு காட்சியைச் சற்று நின்று பார்ப்போம். மூன்றாம் வகுப்பில் ஒரு பணியர் சிறுவனை எழுப்பி ஆசிரியர் கேள்வி கேட்கிறார். எழுந்து நிற்கிறான். தலை குனிகிறது. கால் பெருவிரல் தரையைத் தேய்க்கிறது. பதில் வரவில்லை. ஆசிரியர் கேள்வியை இன்னும் எளிமையாக்குகிறார், பிறகு குரலைச் சற்று உயர்த்துகிறார். பையனின் தோள்கள் இன்னும் ஒடுங்குகின்றன. பக்கத்துப் பையன் சிரிக்கிறான். மறுநாள் அவன் வரவில்லை. தலைமையாசிரியரிடம் ஆசிரியர் சொல்வார்: "மந்தமான பையன் சார், கூச்சமும் அதிகம்."

பணியரின் வரலாறு தெரிந்த ஆசிரியர் அந்தக் குனிந்த தலையை வேறு விதமாகப் படித்திருப்பார். வயநாட்டில் மானந்தவாடிக்கு அருகே வள்ளியூர்க்காவு கோயில் உண்டு. அதன் திருவிழாவில் அந்நாளில் நிலவுடைமையாளர்கள் முன்பணம் கொடுத்துப் பணியர்களை ஓராண்டு வேலைக்குப் பிடித்துப் போவார்கள். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல்தான் வந்தது. இந்தப் பையனின் தாத்தாவும் பாட்டியும் அந்தக் காலத்தைக் கண்ணால் பார்த்தவர்கள். மேலே நிற்பவர் குரலை உயர்த்தினால் வாயைத் திறக்காதே என்பது அந்த வீடுகளில் தலைமுறை தலைமுறையாக உயிரைக் காப்பாற்றிய பாடம். பையன் அந்தப் பாடத்தில் தேறியிருக்கிறான். அதே பையனை நான்கு பேர் கொண்ட குழுவில், தரையில் உட்கார்ந்து, தனியாகச் சுட்டாமல் கேட்டால் பேசுவான். இதை அறிய ஆராய்ச்சிப் பட்டம் வேண்டியதில்லை. பாடியில் ஒரு மாலைப் பொழுது உட்கார்ந்திருந்தால் போதும். அங்கே பிள்ளைகள் எப்படிக் கற்கிறார்கள், பெரியவர்கள் அவர்களிடம் எந்தத் தொனியில் பேசுகிறார்கள் என்பது தெரிந்துவிடும். அந்த ஒரு மாலைப் பொழுதைத்தான் பயிற்சியில் யாரும் தரவில்லை.

மொழிச் சிக்கல் இதைவிட வெளிப்படையானது; ஆனாலும் கண்ணில் படுவதில்லை. 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் தொடக்க வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரிக்கிறோம். நல்ல ஏற்பாடு, நிலைக்கேற்பக் கற்பிக்க எங்களுக்குக் கைகொடுத்தது. ஆனால் காட்டுநாயக்கர் பிள்ளை ஏன் விடாமல் அரும்பிலேயே இருக்கிறது? வீட்டில் அது பேசுவது கன்னடத்தை ஒட்டிய ஒரு மொழி. பணியர் பேச்சு மலையாளத்துக்கு நெருக்கம். பெட்டகுறும்பருக்குத் தனிப் பேச்சு. இந்தப் பிள்ளைகளுக்குப் பாடநூல் தமிழ் முதல் மொழி கிடையாது. தமிழை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கும் முறை ஒன்று உண்டு. அது தனிப் பயிற்சி வேண்டுகிற வேலை. அந்தப் பயிற்சியை எங்களுக்கு யாரும் தந்ததில்லை. எழுத்து தெரியாத பிள்ளையையும், எழுத்தில் இருக்கும் மொழி தெரியாத பிள்ளையையும் ஒரே நிலையில் வைத்து ஒரே அட்டையைக் காட்டுகிறோம்.

பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் இணையப் பதிவில் தாய்மொழிக்கு ஒரு கட்டம் இருக்கிறது. பெயர், பிறந்த தேதி, ஆதார் என்று வரிசையாக நிரப்பிக்கொண்டு வரும்போது அந்தக் கட்டத்தில் 'தமிழ்' என்று தட்டிவிட்டு அடுத்த பிள்ளைக்குப் போய்விடுகிற வழக்கம் ஊரெங்கும் உண்டு. சர்வர் படுத்திருக்கும் நேரத்தில் யாரும் யோசித்துக்கொண்டிருக்க மாட்டார்கள். ஆனால் அந்த ஒரு தட்டலில் ஒரு மொழி அரசுக் கணக்கிலிருந்தே காணாமல் போகிறது. கணக்கில் இல்லாத மொழிக்கு யார் பயிற்சி தருவார்கள், யார் பாட அட்டை அச்சடிப்பார்கள்? எங்கள் இயக்கத்தின் முதல் வேலை இந்தக் கட்டத்தை உண்மையாக நிரப்புவது. இதற்கு அரசாணை வேண்டாம், நிதி வேண்டாம்.

பிள்ளைகள் ஒன்றும் தெரியாமல் வருவதில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். பச்சைத் தேயிலை வாங்கும் இடத்தில் எடை போடும்போது சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழிப்பார்கள். மழை நாளில் ஈரக் கழிவு கூடும். அம்மாவின் கையில் தரும் சீட்டைப் பார்த்து, இன்றைக்குக் கூடுதலாகக் கழித்துவிட்டார்கள் என்று கண்டுபிடிக்கிற எட்டு வயதுப் பெண்கள் எங்கள் வகுப்புகளில் இருக்கிறார்கள். அதே பெண் கரும்பலகையில் 43இலிருந்து 7ஐக் கழிக்கத் திணறுகிறாள். எடைச்சீட்டை வகுப்புக்குக் கொண்டு வந்த ஆசிரியருக்குக் கழித்தல் பாடம் இரண்டு நாளில் முடிந்தது. கூடவே, தோட்டத்து வீடுகள் வார இறுதியில் எப்படிக் கடன் அடைக்கின்றன என்பதும் அவருக்குத் தெரியவந்தது. பாடக்குறிப்பு எழுதும் நோட்டில் இந்தச் சீட்டுக்கு இடமில்லை. 'கற்பித்தல் துணைக்கருவிகள்' என்ற தலைப்பின் கீழ் மின்னட்டை, வரைபடம் என்றுதான் எழுதிப் பழகியிருக்கிறோம்.

இது மலைப் பள்ளிகளின் சங்கதி மட்டும்தானே என்று கேட்பவர்கள் திருப்பூருக்கு ஒருமுறை போய்வரலாம். பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கக் குடும்பங்களின் பிள்ளைகள் மாநகராட்சிப் பள்ளிகளில் படிக்கிறார்கள். தீபாவளி முடிந்து சட் பூஜைக்கு தன்பாத் ரயில் ஏறிப் போகிற பிள்ளை திரும்பி வர வாரக்கணக்காகும். நீண்ட நாள் வராத பிள்ளையை எமிஸில் காமன் பூல் எனும் பொதுப் பட்டியலுக்குத் தள்ளிவிட்டால், திரும்பி வரும்போது புதிதாகச் சேர்ப்பது போன்ற பாடு. திருவள்ளூர் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவின் பலாங்கிர், நுவாபாடா பக்கத்திலிருந்து நுவாகாய் பண்டிகை முடிந்தபின் முன்பணம் வாங்கிக்கொண்டு வரும் குடும்பங்கள் ஜூன் வரை இங்கேயே இருக்கும். அங்கே பள்ளி ஆண்டு பாதியில் அறுகிறது, இங்கே பாதியில் தொடங்குகிறது. ஓசூரில் தெலுங்கும் கன்னடமும் உருதும், தாளவாடியிலும் பர்கூரிலும் கன்னடமும் சோளகர் பேச்சும், நரிக்குறவர் குடியிருப்புகளில் குஜராத்திக்கு நெருக்கமான வாக்ரிபோலியும், மறுவாழ்வு முகாம்களில் ஈழத்துத் தமிழும். இத்தனையும் ஒரே பாடத்திட்டத்தில் பயின்று வந்த ஆசிரியர்களின் கைக்குத்தான் வருகின்றன.

சாதியை விட்டுவிட்டுப் பண்பாட்டு வேறுபாடு பற்றிப் பேசுவது இந்த மண்ணில் ஏமாற்று வேலை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியல் சாதி மாணவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் விடவில்லை. அதன்பின் அரசு அமைத்த நீதியரசர் சந்துருவின் ஒரு நபர் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. பள்ளிப் பெயர்களில் சாதி அடையாளம் கூடாது, மணிக்கட்டில் வண்ணக் கயிறு கூடாது என்பவை செய்தித்தாள்களில் பெரிதாக வந்தன. தொலைக்காட்சி விவாதங்கள் கயிற்றிலேயே நின்றுவிட்டன. எங்களுக்கு அந்த அறிக்கை எழுப்பும் கேள்வி வேறு: கயிற்றின் நிறத்தை முதலில் படிக்கக் கற்றது மாணவர்களா, ஆசிரியர்களா? எந்தத் தெருவிலிருந்து எந்தப் பிள்ளை வருகிறது, யார் யாரோடு உட்கார மறுக்கிறார்கள், யாரைத் தண்ணீர் எடுத்து வரச் சொல்கிறோம், யாரைக் கழிவறையைக் கவனிக்கச் சொல்கிறோம் என்பதெல்லாம் ஆசிரியர் அறைக்குள் பேசப்படுவதே இல்லை.

"நான் வித்தியாசம் பார்ப்பதில்லை, எனக்கு எல்லாப் பிள்ளையும் ஒன்றுதான்" என்று பெருமையோடு சொல்லும் சக ஆசிரியர்களை நாங்கள் மதிக்கிறோம். அவர்கள் மனம் சுத்தமானது. ஆனால் அந்த வாக்கியத்தை இந்த இயக்கம் ஏற்கவில்லை. வித்தியாசத்தைப் பார்க்காத ஆசிரியர், பள்ளிக்கு ஏற்கெனவே பழகிய வீட்டுப் பிள்ளையைத்தான் எல்லாப் பிள்ளைக்கும் அளவுகோலாக வைத்திருப்பார். செய்தித்தாள் வாங்கும் வீடு, வீட்டுப்பாடத்துக்கு உதவ அக்கா உள்ள வீடு, பாடநூலின் தமிழையே பேசும் வீடு. அந்த அளவுக்குள் வராத பிள்ளை 'கவனம் இல்லை', 'பெற்றோர் ஒத்துழைப்பு இல்லை' என்ற குறிப்போடு தேர்ச்சி அட்டையில் தங்கிவிடுகிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் எழுத்தறிவு விகிதம் 80 விழுக்காடு. பழங்குடியினரிடையே 54. இந்த இடைவெளிக்கு வறுமை, சாலை, காடு, விடுதியின் நிலை என்று காரணங்கள் பல. ஆனால் பள்ளிக்குள் நடப்பதில் எங்கள் பங்கும் உண்டு; அதை மட்டும்தான் எங்களால் மாற்ற முடியும்.

மாற்ற முடியும் என்பதற்கு வெகுதூரம் போய்ச் சான்று தேட வேண்டியதில்லை. பந்தலூரிலிருந்து எல்லையைத் தாண்டினால் வயநாடு. அங்கும் பணியர்கள்தான், அதே பேச்சுதான். 2017இல் கேரள அரசு கோத்ரபந்து என்ற திட்டத்தைத் தொடங்கி, ஆசிரியர் பயிற்சி முடித்த பழங்குடி இளைஞர்களைத் தொடக்கப் பள்ளிகளில் வழிகாட்டி ஆசிரியர்களாக அமர்த்தியது. பிள்ளை வீட்டு மொழியில் பேசினால் புரிந்துகொள்ள வகுப்பில் ஓர் ஆள் இருக்கிறார்; வராத பிள்ளையின் வீட்டுக்குப் போனால் சொந்தக்காரராக வரவேற்கப்படுகிற ஆள். அதே ஆண்டில் எர்ணாகுளம் மாவட்டம் பினானிபுரம் அரசு உயர்நிலைப் பள்ளியில் புலம்பெயர் தொழிலாளர் பிள்ளைகளுக்காக ரோஷ்ணி திட்டம் தொடங்கியது. இந்தியும் வங்கமும் ஒடியாவும் அறிந்த தன்னார்வலர்கள் பிள்ளைகளின் மொழியிலிருந்து மலையாளத்துக்குப் படிப்படியாக அழைத்துப் போனார்கள். ஒடிசாவில் 2007 வாக்கிலேயே பத்துப் பழங்குடி மொழிகளில் தொடக்கக் கல்வி ஆரம்பமாயிற்று. நம் நீலகிரிக் கூடலூரிலேயே வித்யோதயா பள்ளி 1990களிலிருந்து பழங்குடிப் பிள்ளைகளுக்கென நடக்கிறது; பழங்குடி இளைஞர்களே பயிற்சி பெற்று அங்கே ஆசிரியர்களாக இருக்கிறார்கள். கூடலூர் டவுனிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் அந்த வகுப்பறைகளை எத்தனை மாணவ ஆசிரியர்கள் களப்பணியில் பார்த்திருப்பார்கள்?

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 1935 முதல் 1938 வரை முர்ரே எமனோ என்ற மொழியியலறிஞர் இந்தியாவில் தங்கி, தோடரிடமும் கோத்தரிடமும் உட்கார்ந்து அவர்கள் மொழியைக் கேட்டுக் கேட்டு எழுதினார். பின்னாளில் பெர்க்கிலியில் பேராசிரியராக இருந்த அவருக்கு அந்த மக்களின் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் பொறுப்பு கிடையாது. கடல் கடந்து வந்தவர் மூன்று ஆண்டு செலவிட்டார். ஊட்டிக்கு அருகே முத்தோரை பாலாடாவில் அரசின் பழங்குடியினர் ஆய்வு மையமே இருக்கிறது. இத்தனைக்குப் பிறகும் அதே மலையில் முப்பது ஆண்டு பணியாற்றப் போகிற ஆசிரியருக்கு முப்பது மணி நேர மொழிப் பயிற்சிகூட இல்லை.

சிலர் கேட்பார்கள், கேட்டும்விட்டார்கள்: தமிழைக் குறைக்கப் பார்க்கிறீர்களா? 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்துக்கு எதிராகப் போகிறீர்களா? ஐயமே வேண்டாம். இந்த மாநிலத்தில் வளரும் எந்தப் பிள்ளையும் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாமல் பள்ளியை விட்டு வெளியேறக் கூடாது என்பதில் எங்களைவிடப் பிடிவாதக்காரர்கள் இல்லை. ரேஷன் கடையில், மருத்துவமனையில், வனத்துறை அலுவலகத்தில் தமிழ் தெரியாமல் அவமானப்படுவது யார் என்பது எங்களுக்குத் தெரியும். வீட்டு மொழியைக் கேட்டுத் தொடங்கிய பிள்ளை தமிழுக்குத் தைரியமாக வருகிறது என்பதைத்தான் நாங்கள் வகுப்பில் பார்க்கிறோம். அரசமைப்பின் 350ஏ பிரிவும் கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவும் தாய்மொழி பற்றிச் சொல்வதைச் செய்வதற்கு ஆள் வேண்டும். அந்த ஆளை உருவாக்கச் சொல்கிறோம். தாய்மொழிக்காகப் போராடிய மாநிலத்துக்கு இன்னொருவர் தாய்மொழியின் அருமையை நாங்கள் விளக்க வேண்டியிருப்பதுதான் எங்களுக்குச் சற்றே சங்கடம்.

நேரம் எங்கே என்ற கேள்வியும் நியாயமானது. ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்பு, காலை உணவு, மதிய உணவு, எமிஸ் பதிவு, வாட்ஸ்அப்பில் கேட்கும் புள்ளிவிவரம், இதற்கு நடுவே சி.ஆர்.சி. எனும் குறுவள மையக் கூட்டம். இவற்றுக்கு மேல் இன்னொரு சுமையை ஏற்றினால் ஊர்ப் படிப்பும் ஒரு படிவமாகிவிடும். படத்தோடு பதிவேற்று என்பார்கள். ஆகவே முன்கூட்டியே சொல்கிறோம்: ஊர்ப் படிப்புக்குப் புகைப்பட ஆதாரம் கேட்கும் எந்தச் சுற்றறிக்கையையும் நாங்கள் எதிர்ப்போம்.

அரசிடம் நாங்கள் கேட்பது இவை. பி.எட், டி.எல்.எட் களப்பணியின் இருபது வாரங்களில் குறைந்தது நான்கு வாரம், மாணவ ஆசிரியரின் சொந்த மொழியும் சாதியும் ஊரும் பெரும்பான்மையாக இல்லாத ஒரு பள்ளியில் நடக்க வேண்டும். தங்குமிடமும் பயணப்படியும் தர வேண்டும், ஏனென்றால் இப்போது அந்த வாரங்களின் செலவைத் தாங்குவது மாணவ ஆசிரியரின் அப்பாதான். மலைப் பகுதிக்கும் எல்லைப் பகுதிக்கும் நியமனம் பெறுகிறவர் வகுப்பை ஏற்பதற்கு முன் மூன்று வாரமாவது அந்த ஊரில் ஊதியத்தோடு படிக்க வேண்டும். அங்கே அவருக்கு ஆசிரியர் அந்த ஊர்க்காரர். பாட்டியாக இருக்கலாம், தேன் எடுப்பவராக இருக்கலாம், தோட்டத்துக் கங்காணியாக இருக்கலாம். டயட் விருந்தினர் விரிவுரையாளருக்குத் தரும் மதிப்பூதியத்தை அவருக்கும் தர வேண்டும்; கூப்பிட்டு உட்கார வைத்து, டீ கொடுத்து, சால்வை போர்த்தி அனுப்புவதை நாங்கள் சம்பளமாக ஏற்க மாட்டோம்.

பயிற்சி முடித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கும் பழங்குடி இளைஞர்களையும் பெண்களையும் அவரவர் மொழி பேசும் பள்ளிகளில் நிரந்தரப் பணியில் அமர்த்த வேண்டும். தொகுப்பூதியம், பத்து மாத ஒப்பந்தம் என்று ஆரம்பித்தால் அவர்கள் வகுப்பறையின் கடைநிலை ஊழியர்களாகத்தான் நடத்தப்படுவார்கள்; பிள்ளைகள் அதையும் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள். ஐந்து ஆண்டு ஒரே மலைப் பள்ளியில் இருந்து, அந்த ஊர் மொழியில் பேசக் கற்றவருக்குக் கலந்தாய்வில் முன்னுரிமை வேண்டும். இப்போது மலைக்கு வருவது தண்டனை போலவும், இறங்குவது விடுதலை போலவும் இருக்கிறது.

அரசிடம் கேட்பதோடு நிறுத்தினால் இது இன்னொரு கோரிக்கை மனு. எங்களுக்கு நாங்களே விதித்துக்கொள்வதும் உண்டு. உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் வகுப்புப் பிள்ளைகள் அனைவரின் வீட்டுக்கும் முதல் பருவம் முடிவதற்குள் ஒருமுறை போவோம்; புகார் சொல்வதற்காகப் போக மாட்டோம். பெற்றோர் கூட்டத்தைப் பிற்பகல் மூன்று மணிக்கு வைத்துவிட்டு அக்கறை இல்லை என்று குறை சொல்வதை நிறுத்துவோம். கொழுந்து எடை முடிந்தபின், ஷிப்டு முடிந்தபின் கூடுவோம். பள்ளி திறந்த ஜூனில் தேன் காலம் முடியாத வீடுகளின் பிள்ளைகளை இடைநின்றவர்களாகப் பதியாமல், திரும்பி வரும்போது விட்ட பாடத்தைச் சொல்லித் தருவோம். ஆசிரியர் அறையில் ஒரு சமூகத்தைப் பற்றி இளக்காரமான பேச்சு எழுந்தால், சொன்னவர் தலைமையாசிரியராக இருந்தாலும், அங்கேயே மறுப்போம். இந்தக் கடைசி உறுதிமொழியில்தான் கையெழுத்துப் போடத் தயங்கியவர்கள் அதிகம். தயக்கத்தை மதித்து அவர்களுக்கு அவகாசம் தந்திருக்கிறோம், வரியை நீக்கவில்லை.

நிர்வாகக் குழுவில் பாதிப் பேர் ஆசிரியர் அல்லாதவர்கள். பணியர், காட்டுநாயக்கர், குறும்பர், தோட்டத் தொழிலாளர், புலம்பெயர் தொழிலாளர் குடும்பங்களிலிருந்து வருகிறவர்கள். அவர்கள் இல்லாமல் நடக்கும் கூட்டத்துக்குக் கோரம் கிடையாது. தீர்மானங்கள் எந்த மொழியில் பேசப்பட்டனவோ அந்த மொழியிலேயே குறிக்கப்பட்டு, பிறகு தமிழில் எழுதப்படும். ஆண்டுச் சந்தா ஆசிரியர்களுக்கு 600 ரூபாய், மற்றவர்களுக்கு இல்லை. அதில் பாதி, எங்களுக்குக் கற்றுத் தர வரும் ஊர்க்காரர்களின் ஒரு நாள் கூலிக்கு. அரசு கொடுக்கும் வரை நாங்கள் கொடுப்போம். அரசு கொடுக்கத் தொடங்கியதும் கணக்கை ஒப்படைப்போம்.

முதல் ஊர்ப் படிப்பு மே கடைசி வாரம், கூடலூர் பக்கத்தில் நான்கு குடியிருப்புகளில். ஒரு குடியிருப்புக்கு ஆறு ஆசிரியர்களுக்கு மேல் அனுப்ப வேண்டாம் என்று அங்குள்ளவர்கள் சொல்லிவிட்டார்கள். ஆகவே முதலில் பெயர் கொடுத்தவர்களுக்கே இடம். மழை முந்திக்கொண்டால் மண்சாலையில் ஜீப் ஏறாது, நடக்க வேண்டியிருக்கும். குடையும் ஸ்வெட்டரும் எழுதாத நோட்டு ஒன்றும் கொண்டு வாருங்கள். லேப்டாப்பும் புரொஜெக்டரும் வேண்டாம். மாலை ஆறு மணிக்கு மேல் யானை நடமாட்டம் இருப்பதால், தங்காமல் திரும்புகிறவர்கள் ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்துவிட வேண்டும்.